தவறான கழிவுக்கு அபராதமா: படிவம் 68-ஆ, மேல்முறையீடா?

சத்துவாச்சாரியில் இருக்கும் என் மச்சான், தங்கை மகனுக்குக் கட்டிய பள்ளிக் கட்டணத்தை வருமான வரிக் கணக்கில் 80சி பிரிவுக் கழிவாகக் காட்டிவிட்டார். ரசீதில் பணம் கட்டியவர் அவர்தான். ஆனால் மாணவன் பெயருக்குக் கீழே வேறு தகப்பனார் பெயர். சொந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் அந்தக் கழிவு செல்லும்.

1961 வருமான வரிச் சட்டப்படி, வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அபராதம், குறைத்த தொகைக்கான வரியில் 50 சதவீதம்; திரித்துக் காட்டியதாக எழுதிவிட்டால் 200. ஆகவே வரித்துறை அனுப்பும் மதிப்பீட்டு ஆணையில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

50 என்றால் அபராத விலக்கு கேட்கும் விண்ணப்பமான படிவம் 68 போதும். வரியையும் வட்டியையும் கெடுவுக்குள் கட்டிவிட்டு, மதிப்பீட்டு ஆணை கைக்கு வந்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் அபராத விலக்கு கேட்கலாம். ஆனால் அந்த மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்யக்கூடாது. தப்பு நம்முடையது என்றால் அதில் என்ன நஷ்டம்?

200 என்றால் 2026-க்கு முன் அந்தக் கதவு மூடியிருந்தது. அபராத ஆணை வந்த 30 நாளில் படிவம் 35-இல் மேல்முறையீடு செய்யலாம். தெரியாமல் செய்தது, எதையும் மறைக்கவில்லை என்று ரசீதோடு விளக்க வேண்டும். எல்லாம் இணையத்திலேயே, அலைச்சல் இல்லை; ஆனால் முடிவுக்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

மச்சானுக்கு 50தான். படிவம் 68-ஐயே போடச் சொன்னேன்.