பிக்ஸ்பியா, ஃபெண்டரா, ஷோ-பட்டா? பெடல் ஸ்டீல் கிதாரின் முதல் தலைமுறை

அமெரிக்காவின் பழைய கன்ட்ரி பாடல்களில் பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில், ஒரு சுரம் அசையாமல் நிற்க, அதன் பக்கத்துச் சுரம் மட்டும் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். பெடல் ஸ்டீலை அடையாளம் காட்டுவது அந்த ஏற்றம்தான். 1950களில் அதைச் சாத்தியமாக்கிய கருவிகளில் எது மேல் என்ற விவாதம் ஸ்டீல் கிதார் பிரியர்களிடையே இன்றும் ஓயவில்லை. பெரும்பாலும் அது கருவியின் பெயரைச் சுற்றியே நடக்கிறது. என்னைக் கேட்டால், கம்பெனியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: காலால் அழுத்தும் எந்தப் பெடல் எந்தத் தந்தியை இழுக்கிறது என்பது.

ஸ்டீல் கிதாரைக் கிடத்தி வைத்து, இடக்கையில் பிடித்த எஃகுப் பாரைத் தந்திகள்மேல் நகர்த்தி வாசிப்பார்கள். கோட்டுவாத்தியம் வாசிப்பவர் கட்டையை நகர்த்துவது போலத்தான். ஆனால் கன்ட்ரி இசைக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்த கார்டு வேண்டும். பார் நேராகக் கிடந்தால் எல்லாத் தந்திகளும் ஒரே அளவுதான் ஏறும், இறங்கும். எனவே வெறும் தந்திகளை எப்படிச் சுருதி கூட்டியிருக்கிறீர்களோ, அந்த வகைக் கார்டுதான் கிடைக்கும்.

இதற்குப் பெடல் இல்லாமலே வழி கண்டவர்கள் உண்டு. கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் பாடல்களில் கேட்கும் அந்தக் கூர்மையான, அழுகிற ஸ்டீல், டான் ஹெல்ம்ஸ் வாசித்தது. கருவி கிப்சன் கன்சோல் கிராண்ட், ட்யூனிங் (வெறும் தந்திகளின் சுருதி அமைப்பு) இ6, அதாவது இ என்ற மேற்கத்திய சுரத்தை அடிப்படையாகக் கொண்டது; பெடல் கிடையாது. சி6 ட்யூனிங்கைப் பிரபலமாக்கிய ஜெர்ரி பேர்ட், பாரைச் சாய்த்துப் பிடித்தே கார்டின் வடிவத்தை மாற்றிவிடுவார். பெடல் அலை வந்த பிறகும் அதை ஏற்க மறுத்தவர் அவர். குரல் போன்ற தொனியில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கருத்து. ஆனால் பாரைச் சாய்த்து எட்டக்கூடிய கார்டுகளுக்கு ஓர் எல்லை இருக்கிறது. மற்றவர்கள் அந்த எல்லையைத் தாண்ட நெக்குகளை (தந்திகள் பூட்டிய கழுத்துகளை) கூட்டினார்கள். ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டரில் நான்கு நெக் வரை உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ட்யூனிங்.

பெடல் முதலில் வந்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். 1940 வாக்கில் வந்த கிப்சன் எலக்ட்ராஹார்ப்பில் பெடலின் வேலை, ஒரு ட்யூனிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. மாற்றத்தைக் கேட்பவர் கவனிக்கக் கூடாது. காலை அழுத்திவிட்டு, அப்புறம் தந்தியை மீட்டுவார்கள். கலிஃபோர்னியாவின் பால் பிக்ஸ்பி 1948ல் ஸ்பீடி வெஸ்டுக்குச் செய்துகொடுத்த மூன்று நெக் கருவியிலும் பெடல்கள் இருந்தன. ஜிம்மி பிரயன்டின் கிதாரோடு போட்டி போட்டு வெஸ்ட் வாசித்த பதிவுகளில் வேகமும் குறும்பும் கொப்பளிக்கும். இருந்தாலும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் பிற்பாடு தனதாக்கிக்கொண்ட அந்த ஏற்றம் அவருடைய பாணி அல்ல.

அதைக் கொண்டுவந்தவர் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸ் பாடி 1954ல் வெளிவந்த 'ஸ்லோலி' பாடலில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பெடலை அழுத்தினார். அவரிடம் இருந்ததும் பிக்ஸ்பிதான். மறைக்க வேண்டிய மாற்றத்தை அவர் காதில் விழ வைத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஸ்டீல் வாசிப்பவர்கள் பலரும் பெடலைத் தேடி ஓடினார்கள்.

அந்தப் பெடல் செய்ததை நம் சுரங்களில் சொன்னால் சட்டென்று பிடிபடும். இ-யை சட்ஜமாக வைத்தால், இ, ஜி-ஷார்ப், பி மூன்றும் ச, க, ப (அந்தர காந்தாரம்). பெடலை அழுத்தினால் ச நின்ற இடத்திலேயே நிற்கும். க அரைப்படி ஏறி சுத்த மத்யமம் ஆகும். ப ஒரு முழுப்படி ஏறி சதுச்ருதி தைவதம் ஆகும். ச க ப என்பது ச ம த ஆகிவிடுகிறது. பார் நகரவே இல்லை, ஆனால் கார்டு இ மேஜரிலிருந்து ஏ மேஜருக்குப் போய்விட்டது. கன்ட்ரி பாடல்களில் மிக அதிகமாக வரும் நகர்வு இதுவே.

ஐசக்ஸுக்கு இந்த இரண்டு ஏற்றமும் ஒரே பெடலில். அதை இரண்டாகப் பிரித்த ஸ்டீல் வாசிப்பாளர்களில் பட்டி எம்மன்ஸ், ஜிம்மி டே இருவர் பெயரும் முன்னால் வரும். ப-வை ஏற்ற ஒரு பெடல், க-வை ஏற்ற இன்னொன்று. இன்றும் அவற்றை ஏ பெடல், பி பெடல் என்றே அழைக்கிறார்கள் (இவை பெடல்களின் பெயர்கள், சுரங்கள் அல்ல). ஏ-யை மட்டும் அழுத்தினால் ச க த, அதாவது சி-ஷார்ப் மைனர். பி-யை மட்டும் அழுத்தினால் ச ம ப; எங்கோ போய்ச் சேரக் காத்திருக்கும் ஒரு தவிப்பு அதில் உண்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பழைய ஐசக்ஸ் நகர்வு அப்படியே கிடைக்கும். ஒன்றை முன்னும் இன்னொன்றைப் பின்னும் அழுத்தினால் இரண்டு குரல்கள் தனித்தனியாக நடக்கும். இருந்த எதையும் இழக்காமல் இவ்வளவு புதிதாகக் கிடைத்த மாற்றம் இந்தக் கருவியின் வரலாற்றில் வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

பிக்ஸ்பி ஒவ்வொன்றும் தனி ஆளுக்காகத் தனியே செய்யப்பட்டது. பால் பிக்ஸ்பி முன்பு க்ராக்கர் மோட்டார்சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தவர். உலோக வேலையின் நேர்த்தி கருவியில் தெரியும். பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதியின்) ஒலி தெளிவானது, மணி அடித்த மாதிரி. குறை என்னவென்றால் அவர் செய்தவை கொஞ்சம்தான், காத்திருந்து வாங்க வேண்டும்.

ஃபெண்டர் 1000 வந்தது 1957ல். எட்டுத் தந்திகள் கொண்ட இரண்டு நெக், பெடலுக்கும் தந்திக்கும் நடுவே கம்பி வடமும் கப்பியும். பார்க்க முரட்டு வேலைதான். வடம் தளரும், அதைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் எந்தப் பெடல் எந்தத் தந்தியை இழுக்க வேண்டும் என்பதை வாசிப்பவரே வடத்தை இடம் மாற்றி மாட்டித் தீர்மானித்துக்கொள்ளலாம். பெடல் அமைப்பே இன்னும் உறுதிப்படாத அந்தக் காலத்தில், சோதித்துப் பார்க்க நினைத்தவருக்கு இது பெரிய சுதந்திரம். ரால்ஃப் மூனி கையில் இந்தக் கருவி என்ன ஆனது என்பதைப் பாடகர் வின் ஸ்டூவர்ட்டின் பதிவுகளில் கேளுங்கள். மேல்ஸ்தாயியில் துள்ளித் துள்ளி ஓடும், கண்ணாடி போல் மின்னும் ஒலி. இ-யை அடிப்படையாகக் கொண்ட இ9 ட்யூனிங்கின் மேலே உயர்ந்த ஜி-ஷார்ப் தந்தியைச் சேர்த்த பெருமையும் அவருக்கே தரப்படுகிறது. எட்டுத் தந்தி போதாது என்பவர்கள் மூனியைக் கேட்ட பிறகு அதைச் சொல்லட்டும்.

ஷோ-பட், வாசிப்பவர்களே தொடங்கிய கம்பெனி. ஷாட் ஜாக்சனின் 'ஷோ', பட்டி எம்மன்ஸின் 'பட்'. 1950களின் பிற்பாதியில் நாஷ்வில்லில் ஆரம்பித்தார்கள். மேடையில் என்ன தேவை என்பது செய்பவருக்கே தெரிந்திருந்ததால் கருவி வேகமாக முன்னேறியது. ஒலி பிக்ஸ்பியைவிடக் கதகதப்பானது, மரத்தின் குணம் அதிகம். 1960களின் தொடக்கத்தில் எம்மன்ஸ் பிரிந்துபோய்த் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். அதன் புஷ்-புல் கருவியைச் சுருதி சேர்ப்பது பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அதன் நாதத்துக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

மூன்றில் எது? ஒலிக்கு மட்டும் என்றால் நான் பிக்ஸ்பி பக்கம். வாசிப்பவர் தன் மொழியைத் தானே கண்டுபிடிக்க இடம் கொடுத்ததற்கு ஃபெண்டர். அன்றாடம் மேடைக்குத் தூக்கிப்போய் நம்பி வாசிக்க ஷோ-பட்.

ட்யூனிங்கில் போட்டி இ9க்கும் சி6க்கும். சி6ன் தந்திகளில் சி, இ, ஜி, ஏ, அதாவது ச க ப த. சி மேஜரும் ஏ மைனரும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஸ்விங்குக்கும் ஜாஸுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. பெடல் இல்லாமலே இது முழுமையானது. பெடல் சேர்ந்தால் இன்னும் அடர்த்தியான கார்டுகள் கிடைக்கும். இ9 நேர் எதிர். பெடலை எடுத்துவிட்டால் அதற்கு உயிரே இல்லை. 1960களின் தொடக்கத்தில் எம்மன்ஸ் அதில் எஃப்-ஷார்ப், டி-ஷார்ப் என்று இரண்டு தந்திகளைச் சேர்த்தார். நம் கணக்கில் அவை ரி-யும் நி-யும். அதுவரை கார்டுகளுக்காக மட்டும் இருந்த ட்யூனிங்கில், பாரை ஒரே இடத்தில் வைத்தபடி மெட்டும் வாசிக்க முடிந்தது. இரண்டு நெக் கருவிகளில் முன்னால் இ9, பின்னால் சி6 என்று இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழக்கம் நிலைத்தது இப்படித்தான். கன்ட்ரிக்கு ஒன்றே ஒன்று என்றால் தயங்காமல் இ9.

கடைசியாக, பெடல் வரிசை. இடமிருந்து வலமாக ஏ, பி, சி (சி என்பது மூன்றாவது பெடல்) என்றால் எம்மன்ஸ் முறை. சி, பி, ஏ என்றால் டே முறை. இதில் எது சிறந்தது என்று சண்டை போடுவது வீண். முழங்காலால் தள்ளிச் சுருதியை மாற்றும் லீவரையும் அதற்கேற்ற பக்கம் வைத்துவிட்டால் இரண்டுமே காலுக்கு இயல்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றில் பழகிய கணுக்காலை இன்னொன்றுக்கு மாற்றுவது பெரும்பாடு. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் எம்மன்ஸ் முறையில் வருவதால், புதிதாகத் தொடங்குபவர் அதையே எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குச் சொல்லித் தருபவர் டே முறைக்காரர் என்றால் மட்டும் அவர் வழியில் போங்கள்.