குணா குகையா, தாண்டிக்குடி கல்திட்டையா?

கொடைக்கானல் போனால் கூட்டமெல்லாம் குணா குகைக்குத்தான். 1821-இல் வார்டு என்ற வெள்ளைக்கார அதிகாரி குறித்துவைத்த 'பேய்களின் சமையலறை' இது. 1991-இல் இங்கே எடுத்த கமலின் 'குணா' படம் வந்ததும் பெயரே மாறிவிட்டது. பாண்டவர்கள் இங்கே சமைத்தார்களாம். பார்க்கக் கிடைப்பதோ கம்பிவேலியும் வேர்ப்பின்னலும்தான். விழுந்து செத்தவர்கள் உண்டு, வேலியைக் குறை சொல்ல முடியாது.

அதே பழனி மலைத்தொடரில், தாண்டிக்குடிப் பக்கம் காப்பி, மிளகுத் தோட்டங்கள் உள்ள மலையில் கல்திட்டைகள். நிமிர்த்தி நட்ட பலகைக்கற்கள், மேலே ஒரு மூடுகல், அவ்வளவுதான். கல்திட்டை என்றாலே நம் ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள். பீமன் இதற்குள் காலைக்கூட நீட்டியிருக்க முடியாது! உண்மையில் இவை இரும்புக்காலத்தில் இறந்தவர்களுக்கு எழுப்பிய ஈமச்சின்னங்கள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை. சாந்து இல்லாமலே நிற்கின்றன.

செல்ஃபி போதுமென்றால் குகை. ஒருநாள்தான் இருக்கிறது என்றால், நான் தாண்டிக்குடிக்குத்தான் வண்டியேறுவேன்.