கைச் சென்சாரும் கவுனி அரிசியும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது, மேல்கையின் பின்புறம் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளை வட்டு. அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே, உடம்பில் சுகரை விடாமல் அளக்கும் சென்சார். 14 நாள் ஓடும் முதல் தலைமுறை சென்சார், விலை ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. சுகருக்கு மாத்திரை மட்டும் போடுகிறவர் வருஷம் முழுக்க இதை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு இரண்டு போதும், அதையும் சாப்பாட்டைச் சோதிக்கவே செலவழிக்க வேண்டும்.

லேபில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள். இட்லிக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிப்படும், வெள்ளைப் பணியாரத்துக்குச் சரிப்படாது. எண்ணெயில் பொரித்த பலகாரம் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். லேபில் ஊசி குத்தும் நேரத்தில் சுகர் பாதி வழியில்தான் இருக்கும், உச்சம் அதற்குப் பிறகும் வரலாம். நாலு மணி இடைப்பலகாரம் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரை இழுத்துக்கொண்டு போவது சென்சாரின் கோட்டில்தான் தெரியும்.

கவுனி அரிசி கருப்பாக இருப்பதாலேயே சுகருக்கு நல்லது என்று ஒரு பேச்சு இருக்கிறது. கவுனி ஒட்டும் வகை அரிசி, அதன் மாவு சீக்கிரம் செரித்துவிடும். போதாததற்கு கவுனி அரிசி இனிப்பில் சீனியும் சேர்ந்திருக்கிறது. சோதித்துப் பார்க்க, முதல் வாய்க்கு முன் ஒரு ஸ்கேன் (சென்சாரிடம் போனைக் காட்டி எண்ணை வாங்குவது), பிறகு ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணியில் ஒவ்வொன்று. எங்கே ஆரம்பித்தது, எவ்வளவு ஏறியது, பழைய இடத்துக்கு வர எவ்வளவு நேரமானது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில், அதே கரண்டி அளவு, சாப்பிட்டதும் இருபது நிமிஷ நடை. ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஒட்டுவதில்தான் பலரும் காசை விடுகிறார்கள். பெட்டியில் இருக்கும் சென்சார் பேக், அப்ளிகேட்டர் (ஒட்டும் கருவி) இரண்டிலும் ஒரே குறியீடு இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேர் ஒரே சமயம் பிரித்தால் மாறிப்போகும். கையைச் சோப்பால் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே அழுத்துங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் கிழமையை முன்பே முடித்துவிடுங்கள், பசைக்கு நல்லெண்ணெயைப் போல எதிரி கிடையாது. ஷவர் தாங்கும். ஊருணியில் முங்கினால் ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிஷம், அதுதான் வரம்பு. எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் என்றால் கழற்றிவிட வேண்டும், கழற்றியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஒட்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் எண் வரும். முதல் நாள் எண்களை ரொம்ப நம்ப வேண்டாம். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தை. அதனால் ஐந்து பத்து நிமிஷம் பின்தங்கும். சுகர் போகும் வேகத்தைக் காட்டும் அம்புக்குறி செங்குத்தாக இருக்கும்போதோ, எண் ஒன்று சொல்லி உடம்பு வேறு சொல்லும்போதோ விரலில் குத்திப் பார்ப்பதுதான் சரி. ராத்திரி அந்தக் கைமேல் படுத்தால் 60, 55 என்று பொய்யாக இறங்கும். அதைப் பார்த்துப் பதறிச் சீனியை வாயில் போட்டால் காலையில் நிஜமாகவே ஏறியிருக்கும். வைட்டமின் சி மாத்திரை அதிகம் போட்டால் எண் கூடக் காட்டும். சேமிப்பு எட்டு மணி நேரத்துக்குத்தான், அதற்குள் ஒரு தடவையாவது போனைக் காட்டாவிட்டால் கோட்டில் ஓட்டை விழும்.

பெரிய குறை, இந்த மாடல் கூவி எழுப்பாது. பெரிய வீட்டில் ஆச்சி தனியாக இருக்க, பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்குகிறார்கள். ஆச்சி ஸ்கேன் செய்தால்தான் அங்கே எண் போகும். இன்சுலின் போடுகிறவருக்கு அலாரம் உள்ள சென்சார்தான் வேண்டும். இன்சுலின்காரர்களுக்கு இதனால் பயனில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 2016இல் லான்செட்டில் வந்த ஆய்வில், முதல் வகை நீரிழிவுக்காரர்கள் இதே லிப்ரேயைப் போட்டபோது தாழ்சுகரில் இருந்த நேரம் 38 சதவீதம் குறைந்தது.

சென்சாரின் அறிக்கையில் பார்க்க வேண்டியது சுகர் 70 முதல் 180க்குள் இருந்த நேரம். 2019 சர்வதேசப் பரிந்துரைப்படி அது 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், அதாவது நாளில் பதினேழு மணி நேரம். வயதானவர்களுக்கு 50 சதவீதம் தாண்டினால் போதும், ஆனால் 70க்குக் கீழே ஒரு சதவீதம்கூடப் போகக் கூடாது, நாளுக்குக் கால் மணி நேரம்தான். சராசரி 154 என்றால் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் லேப் பரிசோதனை) ஏறத்தாழ 7 வர வேண்டும். லேப் அதைவிட நிறையக் காட்டினால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், அந்தக் குறைவால் வரும் ரத்தசோகை அந்த எண்ணைத் தூக்கிக் காட்டும்.

சுகரே இல்லாதவர் ஆசைக்கு ஒட்டி, பந்திக்குப் பிறகு ஒரு தடவை 190 பார்த்துவிட்டு மாத்திரைக்கு ஓட வேண்டாம். நோயை உறுதிசெய்வது இன்னமும் லேப் ரத்தம்தான்: வெறும் வயிற்றில் 126, அல்லது எச்பிஏ1சி 6.5, அதுவும் அறிகுறி இல்லாதவருக்கு இரண்டாவது தடவை பார்த்த பிறகு.