பிஎஸ்ஐயா, பாரா, கிலோபாஸ்கலா? மலைநாட்டில் எது தோது

ஜப்பானில் ஓடித் தேய்ந்த வேன் ஒன்றை வாங்கியவர்களுக்கு இந்தக் கூத்து தெரிந்திருக்கும். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் டயர் காற்றழுத்தம் 240 என்று இருக்கும், பக்கத்தில் 2.4 என்றும் இருக்கும், ஹட்டனில் டயர் கடைக்குப் போனால் பையன் "எவ்வளவு அடிக்க அண்ணே?" என்று பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) கேட்பான். 240 என்பது கிலோபாஸ்கல். 2.4 என்பது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு. அவனிடம் 35 என்று சொன்னால் போதும்.

டயருக்கு என் ஓட்டு பிஎஸ்ஐக்குத்தான். 32, 33 என்று முழு எண்ணிலேயே ஏற்றி இறக்கலாம், பாரில் (ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல்) 2.2க்கும் 2.3க்கும் நடுவிலேயே ஒன்றரை பிஎஸ்ஐ ஒளிந்திருக்கிறது. பிஎஸ்ஐயை 7ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கல் வந்துவிடும் (சரியாகச் சொன்னால் 6.895), பாரை 14.5ஆல் பெருக்கினால் பிஎஸ்ஐ. பாருக்கும் சதுர சென்டிமீட்டர் கிலோவுக்கும் வித்தியாசம் 2 சதவீதம்தான், டயருக்கு அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் தேயிலை பாக்டரி பொயிலர் மாதிரி இடத்தில் அப்படி விட முடியாது, மீட்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

தண்ணிக்கு இந்த மூன்றுமே வேண்டாம், மீட்டர் உயரமே போதும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணி கிட்டத்தட்ட 1 பார். லயத்துக்கு (தோட்ட வீட்டு வரிசைக்கு) 20 மீட்டர் மேலே தாங்கி இருந்தால், குழாயை மூடி வைத்திருக்கும்போது பீலியில் 2 பாருக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 28 பிஎஸ்ஐ. பைப் பெரிதா சிறிதா என்பதால் அந்த எண் மாறாது. திறந்துவிட்ட பிறகு தண்ணி எவ்வளவு வேகமாக வரும் என்பதுதான் பைப்பைப் பொறுத்தது.

கிலோபாஸ்கலை யாரும் வாயால் சொல்வதில்லை, ஆனால் காற்றழுத்தம் என்று வந்தால் அதுதான் சுத்தமான கணக்கு. கடல் மட்டத்தில் 101.3, நுவரெலியாவில் ஏறக்குறைய 81. மேலே போகப் போக இது குறையும் என்பதைக் காட்ட பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் 1648இல் தன் மச்சானைப் பாதரசக் குழாயோடு ஒரு மலையில் ஏற்றினார். பாவம், மலையேறியது மச்சான், அலகுக்குப் பெயர் வந்தது பாஸ்கலுக்கு.

டயர் மீட்டர் காட்டுவது உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். கொழும்பில் 30 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு நுவரெலியா வந்தால் வெளியே அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைந்திருக்கும், அந்தக் கணக்கில் மீட்டர் 33 காட்ட வேண்டும். ஆனால் கொழும்பின் 30 பாகை இங்கே 15 ஆகிவிடுவதால் டயருக்குள் இருக்கும் காற்றும் சுருங்கும், கூட்டிக் கழித்தால் 31க்குக் கிட்டத்தான் நிற்கும். வந்து இறங்கிய உடனே மீட்டர் அதிகமாகக் காட்டுகிறது என்றால் அது ஏற்றத்தில் ஓடி வந்த டயரின் சூடு. காற்றைத் திறந்துவிடாமல், மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.