ஸ்காட்லாந்துப் பாட்டனாரைத் தேடிச் செலவழித்த பதினைந்து பவுண்டு

என் மனைவி பெரம்பூரைச் சேர்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். என் மாமியாரின் கொள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரயில்வேயில் ஃபிட்டராக வேலை பார்த்தவர் என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. கையில் இருந்த ஒரே ஆதாரம், 1887இல் சென்னையில் நடந்த அவருடைய திருமணப் பதிவின் நகல். அதில் அவருக்கு வயது 24 என்றும், தந்தையின் பெயர் இன்னது என்றும் எழுதியிருந்தது. இதை வைத்துக்கொண்டு, எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்துத் தேசிய ஆவணத் துறை நடத்தும் 'ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்' இணையதளத்தில் மூன்று வாரம் தேடினேன்.

இத்தளத்தில் கணக்குத் தொடங்குவதும் பெயர்ப்பட்டியலில் தேடுவதும் இலவசம். பதிவேட்டின் பக்கத்தைப் பார்க்க மட்டுமே பணம் கட்ட வேண்டும். அதற்கு 'கிரெடிட்' என்ற கட்டண அலகை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும்; நான் வாங்கியபோது 30 கிரெடிட் ஏழரைப் பவுண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பக்கமோ பிறப்பு, திருமண, இறப்புப் பதிவோ ஒன்றுக்கு 6 கிரெடிட், அதாவது ஒன்றரைப் பவுண்டு ஆகும். ஒருமுறை வாங்கிய பக்கம் நம் கணக்கிலேயே தங்கிவிடுவதால் மறுபடி பார்க்கச் செலவில்லை.

முதல் 18 கிரெடிட்டை நான் வீணாக்கியது முழுக்க என் அவசரத்தால்தான். 1863ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே பெயருடன் பிறந்தவர்கள் பலர் பட்டியலில் இருந்தார்கள். ஆனால் அக்காலத்துப் பிறப்புப் பட்டியலில் பெற்றோர் பெயர் தெரியாது. பக்கத்தை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஊகத்தில் மூன்றை வாங்கினேன், மூன்றிலும் தந்தையின் பெயர் வேறு. பிறகுதான், 'ஃபேமிலிசர்ச்' என்ற வேறொரு வம்சாவளித் தளத்தில் 1855 முதல் 1875 வரையிலான ஸ்காட்லாந்துப் பிறப்புப் பதிவுகளில் மிகப் பல பெற்றோர் பெயரோடு இலவசமாகக் கிடைக்கின்றன என்று அறிந்தேன். அங்கே ஆளை உறுதி செய்துகொண்டு இங்கே வந்து பக்கத்தை வாங்குவதே புத்திசாலித்தனம். நான்காவது பிறப்புப் பதிவு சரியாக அமைந்தது. ஊர் டண்டீ, தந்தை சணல் ஆலையில் மெக்கானிக்.

ஸ்காட்லாந்துப் பதிவுகளின் அருமை இந்த இடத்தில்தான் புலப்பட்டது. 1855 ஜனவரி 1 அன்று அங்கே அரசுப் பதிவு கட்டாயமானது. 1861 முதல் குழந்தையின் பிறப்புப் பதிவிலேயே பெற்றோரின் திருமணம் எந்த நாள், எந்த ஊரில் நடந்தது என்று எழுதினார்கள். ஆகவே 1863ஆம் ஆண்டுப் பதிவு என்னை நேராக 1857ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக்குக் கொண்டுபோனது. அதில் மணமகன், மணமகள் இருவருடைய பெற்றோரும், தாய்மார்களின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் உட்பட, நால்வராக நிற்கிறார்கள். இறப்புப் பதிவிலும் இறந்தவரின் தாய் தம் பிறந்த வீட்டுப் பெயரோடு வருகிறார். நம் வீடுகளில் இனிஷியலில் அப்பா நிலைத்துவிடுகிறார்; என் சொந்தக் கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தெரிந்துகொள்ள நான் மூன்று பெரியப்பாக்களைக் கேட்க வேண்டியிருந்தது. டண்டீயில் ஆலைக்குப் போன ஒரு பெண்ணின் அம்மா பெயர் எனக்கு ஆறு கிரெடிட்டில் கிடைத்துவிட்டது.

இத்துடன் முதல் 30 கிரெடிட் தீர்ந்து, இன்னொரு 30 வாங்கினேன்.

கணக்கெடுப்புப் பதிவுகள் 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒன்றாக உள்ளன. இவற்றுள் 1841ஐ நம்பி ஒருவருடைய வயதைத் தீர்மானிக்கக் கூடாது; 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுவதே அந்த ஆண்டின் பொது விதி. பிறந்த இடம் பற்றியும், அதே கவுண்டியா (மாவட்டமா) இல்லையா என்பதற்கு மேல் அதிகம் தெரியாது. 1851இலிருந்துதான் பேரிஷின், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின், பெயர் வருகிறது. 1861 முதல் சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று ஒரு பத்தி சேர்ந்தது. எங்கள் ஃபிட்டர் எட்டு வயதுச் சிறுவனாக இருந்த 1871ஆம் ஆண்டுப் பக்கத்தில் அக்குடும்பத்தினர் ஏழு பேர், சன்னல் உள்ள அறை ஒன்று. எனக்கு அவர் ஏன் கப்பலேறினார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

1855க்கு முந்தைய காலத்துக்கு ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பேரிஷ் பதிவேடுகளையே நாட வேண்டும். இவற்றில் மிகப் பழையது 1553இல் தொடங்கும் எரோல் ஊர்ப் பதிவேடு. ஆனால் எல்லா ஊரிலும் இத்தனை பழையவை இல்லை, இருப்பவையும் தொடர்ச்சியாக இல்லை. ஞானஸ்நானப் பதிவில் பெரும்பாலும் பெற்றோர் இருவர் பெயரும் உண்டு. திருமணத்துக்கோ, தேவாலயத்தில் ஓலை வாசித்த (திருமணத்தை முன்கூட்டி அறிவித்த) குறிப்பு ஒரு வரி மட்டுமே பல இடங்களில் எஞ்சியிருக்கிறது. 1843இல் சபை பிளந்து ஃப்ரீ சர்ச் தனியாகப் பிரிந்ததால், அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லையென்றால் பிற சபைகளின் பதிவேடுகளிலும் தேட வேண்டும். இத்தளத்தில் அவற்றுக்குத் தனிப் பிரிவு உண்டு.

எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ ஆலயத்தை நாம் 'கர்க்' என்கிறோமே, தேவாலயம் என்று பொருள்படும் அந்த ஸ்காட்லாந்துச் சொல்லால் குறிக்கப்படும் கர்க் செஷன் (ஊர்ச் சபையின் மூப்பர் குழு) நடவடிக்கைக் குறிப்புகளையும் 2021 முதல் இங்கே இலவசமாகப் படிக்கலாம். மூப்பர்கள் விசாரித்த ஊர்ச் சண்டைகளும் தகாத உறவுகளும் அவற்றில் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரால் தேட வழியில்லை; பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும், பழைய கையெழுத்தும் பிடிபடாது. பொறுமை இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம்.

இத்தளத்தின் எல்லை ஸ்காட்லாந்துக் கரையோடு முடிகிறது. சென்னைக்கு வந்த பின் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் (அன்று லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த அரசுத் துறை) ஆவணங்களில் 'என்/2' என்ற வரிசையில் உள்ளன. எங்கள் 1887ஆம் ஆண்டுப் பதிவில் மணமகளின் தந்தை பெயரும் இருக்கிறது. மாமியார் இப்போது அவரைத் தேடச் சொல்லியிருக்கிறார்.