கப்பல் டிக்கெட்டும் ஏஜென்ட் கட்டணமும்: ரவுண்டானா மாடி அலுவலகத்தில் என் அனுபவம்

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி. இருபது வருடமாகக் கணக்கு எழுதுவது நான்தான். சீசனில் பெங்களூரா காய்க்குக் காலையில் ஒரு விலை இருக்கும். மாங்கூழ் பாக்டரிக்காரர்கள் எடுப்பதை நிறுத்திவிட்டால் சாயங்காலம் அதே காய்க்கு வேறு விலை. அதனால் விலை இறங்குவது எனக்குப் புதிதில்லை. இறங்கிய பணம் யார் பையில் தங்குகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். போன வருடம் ஜனவரியில், அதாவது 2025-இல், அப்பா அம்மாவைச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பலில் கூட்டிப்போனோம். டிக்கெட் போட்டது கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் மாடியில் இருக்கும் ஒரு சின்ன டிராவல்ஸில். கப்பல் எப்படி இருந்தது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். பணம் கட்டும் இடத்தில் என்ன நடக்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு. நான் அதை எழுதுகிறேன்.

முதலில் என் தம்பிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் அவன் குடும்பத்தில் நான்கு பேருக்குப் பெங்களூரில் ஒரு பெரிய ஏஜென்ஸி மூலம் கப்பல் போட்டான். அட்வான்ஸ் கட்டிய இரண்டாவது மாதமே மொத்தத்தில் 22,000 ரூபாய் விலை இறங்கியது. புதிய விலைக்கு மாற்றித் தர முடியுமா என்று போன் செய்து கேட்டான். "மாத்தலாம் சார், ஆனா ஆளுக்கு 5,000 மாற்றக் கட்டணம்" என்றார்கள். நான்கு பேருக்கு 20,000. மிச்சம் 2,000. சரி, நேராகக் கப்பல் கம்பெனியிடமே கேட்கலாம் என்று கூப்பிட்டால், ஏஜென்ட் மூலம் போட்ட டிக்கெட்டில் ஏஜென்ட் சொன்னால்தான் கை வைப்போம் என்று முடித்துவிட்டார்கள். அந்த 5,000 ரூபாய் அவன் கையெழுத்துப் போட்ட தாளிலேயே பொடி எழுத்தில் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது இன்றைக்கும் பொறுக்கவில்லை. மண்டியில் நாங்கள் பிடிக்கிற கமிஷன் என்ன, கூலி என்ன என்று விவசாயி கையில் கொடுக்கும் சீட்டில் தனித்தனி வரியாக எழுதுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவராக இருந்தால் வாசித்தும் காட்டுகிறோம்.

அதனால் ரவுண்டானா மாடிக்குப் போன முதல் நாளே, கப்பல் படம் பார்ப்பதற்கு முன்னால், விலை இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அங்கிருந்த தம்பிக்கு முப்பது வயது இருக்கும். கேள்வியைக் கேட்டதும் கம்ப்யூட்டரை விட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"கேபினுக்கு 1,500 சர்வீஸ் சார்ஜ் அக்கா. அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. பாக்கி கட்டுற தேதிக்குள்ள வெல எறங்குனா ஒரு தடவ சும்மாவே மாத்தித் தர்றோம். ரெண்டாவது தடவன்னா 500 ஆகும்."

"கப்பல்காரன் உங்களுக்குக் கமிஷன் தர்றான்ல தம்பி, அப்புறம் எதுக்கு எங்ககிட்ட?"

அவர் மறைக்கவில்லை. கமிஷன் உண்டு, ஆனால் அது கப்பலின் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான், துறைமுகக் கட்டணத்துக்கும் வரிக்கும் ஒரு பைசா கிடையாது என்றார். மூன்று நான்கு இரவுப் பயணத்தில் அந்தத் துறைமுகக் கட்டணமும் வரியுமே பில்லில் பெரிய பங்கு. அதோடு விலை இறங்கினால் ஏஜென்ட்டின் கமிஷனும் கூடவே இறங்கும். தன் வருமானத்தைக் குறைத்துக்கொள்ளும் வேலையை ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்றால், அதற்கு ஒரு கூலி கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. எவ்வளவு என்று முன்னாலேயே தெரிய வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். எழுதிக் கொடுங்கள் என்றேன். ரசீதின் பின்பக்கம் நீல மையில் நான்கு வரி எழுதி, சீல் குத்திக் கொடுத்தார். அந்த ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது.

2024 ஆகஸ்டில் போட்டோம். நான்கு இரவு, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் பயணம். அப்பா அம்மாவுக்குப் பால்கனி கேபின், ஆளுக்கு 62,000. எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஜன்னல் இல்லாத உள்கேபின். பாக்கிப் பணம் கிளம்புவதற்கு 90 நாள் முன்னால், அதாவது அக்டோபர் கடைசிக்குள் கட்ட வேண்டும். விலை இறங்கினால் பேசுவதற்கான காலமும் அதுவரைதான்.

செப்டம்பர் நடுவில் ஒரு ராத்திரி போனில் பார்க்கிறேன், பால்கனி ஆளுக்கு 50,000 என்று காட்டுகிறது. இருவருக்கும் சேர்த்து 24,000 வித்தியாசம். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே மாடிப்படியில் நின்றேன். இங்கே ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். விலையைத் தாங்களும் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான் போய்ச் சொல்லும் வரை அவர்களுக்குத் தெரியாது. ஆகவே பார்ப்பது உங்கள் வேலை, மாற்றுவது அவர்கள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தம்பி செய்தது எனக்குத் தெரியாத வேலை. நான் பார்த்த 50,000, அறை எண்ணைக் கம்பெனியே பின்னால் முடிவு செய்யும் டிக்கெட் என்று காட்டினார். எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட்டுக்கு நாலு அடியில் அறை வேண்டும் என்றுதான் முதலிலேயே பார்த்து எடுத்திருந்தோம். நாமே அறை எடுக்கும் டிக்கெட்டின் புதிய விலை ஆளுக்கு 53,500. அப்போது வித்தியாசம் 17,000. இன்னொன்றும் இருந்தது. ஆகஸ்டில் போட்டபோது கேபினுக்கு 50 டாலர் கப்பலுக்குள் செலவு செய்ய இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். புதிய விலைக்கு மாறினால் அது போய்விடும். அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 4,200 ரூபாய். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்னால் இதையெல்லாம் எழுதிக் கழித்து, 12,800 என்று வட்டமிட்டு என் பக்கம் நகர்த்தினார். "மாத்தட்டுமா அக்கா?"

மாற்றச் சொன்னேன். உடனே ரத்து செய்து புதிதாகப் போடவில்லை. முதலில் கம்பெனிக்குப் போன் போட்டு, அதே அறை எண் கையை விட்டுப் போகாது என்று உறுதி செய்துகொண்டார். நாற்பது நிமிடம் காதில் போனோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் எனக்கு டீ வந்தது, அவர் டீ ஆறிப்போனது. எங்கள் உள்கேபின் விலை இறங்கவில்லை, அதைத் தொடவில்லை.

டிசம்பரில் பால்கனி விலை மறுபடியும் இறங்கியது. பாக்கி கட்டி முடித்தாகிவிட்டது. ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்று மெயில் அனுப்பினார். பணமாகத் தராவிட்டாலும் கப்பலில் செலவு செய்யும் தொகையாகவோ, பெரிய அறையாகவோ தருவது உண்டாம். எங்களுக்கு இல்லை என்று பதில் வந்தது. இதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

விசா விஷயத்தில் அவர் ஒரு பெரிய தலைவலியிலிருந்து காப்பாற்றினார். கப்பல் சிங்கப்பூரை விட்டு மலேசியா, தாய்லாந்து போய்த் திரும்ப சிங்கப்பூருக்கே வருகிறது. ஆகவே சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறோம். ஒரே முறை நுழையும் விசா என்றால் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வோம். பலமுறை நுழையும் விசாதானா என்று அவரே பார்த்து வாங்கினார். அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. நம்மூரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அங்கே இனிஷியலைத் தட்டிவிட்டுப் போகாமல், எப்படிப் போட வேண்டும் என்று கம்பெனியிடம் கேட்டுப் போட்டார்.

இரண்டு இடத்தில் எனக்குத் திருப்தி இல்லை. ஒன்று, கப்பலில் தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தானாகக் கணக்கில் ஏறும். அதை அவர் சொல்லவில்லை. கடைசி நாள் காலையில் கதவிடுக்கில் வந்த பில்லைப் பார்த்து அப்பா பதறி, "நான் ஒண்ணுமே வாங்கலியே கண்ணு" என்று என் அறைக் கதவைத் தட்டினார். இரண்டாவது டிசிஎஸ், அதாவது பணம் வாங்கும்போதே நம் பான் எண்ணில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. விமான டிக்கெட்டையும் கப்பலையும் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டதால் வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு என்று கணக்காகி, 5 சதவீதம் பிடித்தார்கள். அப்போது 7 லட்சம் வரைக்கும் அதுதான் விகிதம். அது ஏஜென்ட் கட்டணம் இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பி வரும். ஆனால் அப்பாவின் பான் எண்ணில் போட்டுவிட்டார். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாத அப்பா, அந்தப் பணத்துக்காகவே கணக்கு தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. என் பான் எண்ணைக் கேட்டிருக்கலாம். இரண்டையும் நேரில் போய்ச் சொன்னேன். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு கேபினுக்கும் ஜிஎஸ்டியோடு நான் கொடுத்த கட்டணம் 3,540 ரூபாய். அந்தப் பணத்துக்கு நிறைவாக வேலை செய்தார் என்றே சொல்வேன். ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறெதிலும் தண்ணீரில் போகாத அப்பா, நான்கு நாளும் விடியற்காலையில் அந்தப் பால்கனியில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா லிஃப்ட்டுக்கு நாலு அடிதான் நடந்தார்.

இந்த முறை என் தம்பி குடும்பமும் அங்கேயே போட்டிருக்கிறது. அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்ததும் ரசீதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பின்பக்கத்தையும் படம் எடு என்றேன். நான்கு வரிகள் இப்போது ஆறாகியிருக்கின்றன. தினசரி சேவைக் கட்டணமும், டிசிஎஸ் யார் பான் எண்ணில் என்பதும் சேர்ந்திருக்கின்றன.