போட் எஞ்சினுக்கு மேனிஃபோல்டு வாங்கப்போகும் மாப்பிள்ளைக்கு

வீராம்பட்டினத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் போன வாரம் போன் போட்டார். "மச்சான், மேனிஃபோல்டு இத்துப்போச்சு. காஸ்டிங் வாங்கவா, ஸ்டெயின்லெஸ்ல அடிச்சுப் போடவா?" மேனிஃபோல்டு என்றால் சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றாகச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய், காஸ்டிங் என்றால் அதை வார்ப்பிரும்பில் வார்த்தது. மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை போட்டு கரையில்தான் கிடக்கும், அதனால் போனில் ஒரு வார்த்தையில் சொல்லாமல் எழுதியே அனுப்புகிறேன் என்றேன். அவரைப் போலக் கேட்கிறவர்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், எல்லாரும் படிக்கட்டும். இரண்டையும் ஒரே எஞ்சினில் மாட்டி ஓட்டியவன் நான். இப்போது போட்டிருப்பது காஸ்டிங். அதன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைக் கழித்துக்கொண்டு படிப்பது உங்கள் பொறுப்பு.

எஞ்சின் எல்லாருக்கும் தெரிந்ததுதான், லாரி எஞ்சினைக் கடலுக்கு மாற்றிய ஆறு சிலிண்டர் டீசல். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் இந்த வகை நிறையவே நிற்கிறது. பிளாக்குக்குள் கூலன்ட் ஓடுகிறது, ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஜாக்கெட்டுக்கு, அதாவது அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறைக்கு, கடல் தண்ணீர் நேராக வருகிறது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மாப்பிள்ளை எஞ்சினில் மேனிஃபோல்டுக்குள்ளும் கூலன்ட்தான் ஓடுகிறது என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், காஸ்டிங்கை மாட்டிவிட்டு மறந்துவிடலாம். உப்புத் தண்ணீர் உள்ளே போகும் ஜாக்கெட்டுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

முதலில் போட்டது ஸ்டெயின்லெஸ். பட்டறையில் தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகு, காஸ்டிங் விலையில் பாதிதான் வந்தது, ஒரு ஆள் தனியாகத் தூக்கி மாட்டலாம். துருப் பொருக்கு உதிர்ந்து, புகை மேலேறிப் போகும் ரைசர் குழாயை அடைக்கும் தொல்லை கிடையாது. நல்லதைச் சொல்லிவிட்டேன், இனி மற்றதைச் சொல்கிறேன்.

316 என்ற ரக ஸ்டெயின்லெஸ் தகடு என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். காந்தத்தை வைத்துக் காட்டினார்கள், ஒட்டவில்லை. அது 304 என்ற சாதாரண ரகத்திலும் ஒட்டாது, 316லும் ஒட்டாது, அந்தச் சோதனையில் என்ன தெரியும்? 316ல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் இருக்கும், உப்புக்குத் தாக்குப்பிடிப்பதே அதனால்தான். அதைக் கண்டுபிடிக்கச் சொட்டு மருந்து மாதிரி ஒரு திரவம் விற்கிறார்கள், தகட்டில் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடலாம். ஸ்டெயின்லெஸ் என்றால் மாப்பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பட்டறைக்குப் போக வேண்டும். அசல் 316ஆகவே இருந்தாலும் சூடும் உப்பும் இழுவிசையும் ஒன்று சேர்கிற இடத்தில் ஸ்டெயின்லெஸ் விரிசல் விடும், சுமார் அறுபது டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து கூடிக்கொண்டே போகும். மேனிஃபோல்டில் அந்த மூன்றும் சேர்கிற இடம் வெல்டிங் ஓரம்தான். என்னுடையதில் வெல்டிங்கை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. சுரண்டினால் உப்பு. துடைத்துவிட்டு ஓட்டினால் மறுநாள் அதே இடத்தில் அதே கோடு.

இன்னொன்றும் உண்டு. நூறு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1.1 மில்லிமீட்டர் நீளும், ஸ்டெயின்லெஸ் 1.6க்கு மேல் நீளும். மேனிஃபோல்டு உட்காரும் எஞ்சின் ஹெட் வார்ப்பிரும்பு. அதன் மேல் இறுக்கிய ஸ்டெயின்லெஸ் பிளேட் ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் இரண்டு முனையிலும் நடுவில் இருக்கும் பேக்கிங்கைத் தேய்க்கிறது. ஒன்றாவது சிலிண்டரிலும் ஆறாவதிலும் புகை வரும் துவாரமான போர்ட்டைச் சுற்றி, புகை கசிந்து கரி படிவதைப் பார்த்தாலே தெரியும். பேக்கிங் மாற்றி மாற்றி அலுத்துப்போனது.

வெளியே வரும் உப்புக் கோடு ஒரு வகையில் நல்லது, கண்ணில் படுகிறதே. விரிசல் உட்பக்கமாக விட்டால்தான் சோலி முடிந்தது. எஞ்சினை நிறுத்திய பிறகு ஜாக்கெட்டில் நிற்கிற தண்ணீர் கசிந்து, திறந்து நிற்கிற எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். விடியற்காலையில் செல்ஃப் அடித்தால் பிஸ்டன் மேலே வரும், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பக்கத்துப் போட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆனது, அவர் எஞ்சின் ஆயில் டீ நிறத்துக்கு மாறியிருந்ததை நானே டிப்ஸ்டிக்கில் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் ஸ்டெயின்லெஸ்ஸைக் கழற்றி எடைக்குப் போட்டேன்.

சரி, காஸ்டிங். மாட்டி முதல் தடவை ஸ்டார்ட் பண்ணியதும் ஏதோ கோளாறு என்றே நினைத்தோம், சத்தம் அவ்வளவு குறைந்துபோனது. தகட்டு மேனிஃபோல்டு எஞ்சின் போடும் சத்தத்தை எல்லாம் வாங்கி கணீரென்று திருப்பிக் கொடுக்கும், வார்ப்பிரும்பு அதை விழுங்கிவிடுகிறது. எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லி விற்று நான் கேட்டதில்லை. எஞ்சின் ரூமுக்கு மேலே படுக்கிற பையன்கள்தான் இதை முதலில் கவனித்தார்கள். கரி படிவது நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடேற்றி, நன்றாக ஆறவிட்டு ஸ்டட் நட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்கினோம், அதோடு அந்தப் பக்கம் கையே வைக்கவில்லை. துரு பிடிக்கும், அது தெரிந்ததுதான். சுவர் தடிமனாக இருப்பதால் மெதுவாகத்தான் தின்னும்.

இவ்வளவு நல்லதைச் செய்த அந்தப் புண்ணியவான்கள் ஜாக்கெட்டுத் தண்ணீரை வடிக்கும் டிரெயின் பிளக்கை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா?

போட்டில் எஞ்சின் பின்பக்கம் சரிந்துதான் உட்கார்ந்திருக்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் அப்படி இறங்குவதால். ஆகவே ஜாக்கெட்டில் தண்ணீர் தேங்குவதும் சகதி சேர்வதும் பின்கோடியில். பிளக்கும் பின்கோடியில்தான் இருக்கிறது, கீழே பார்த்தபடி. கணக்குப்படி சரியான இடம். அதற்கு நேர் கீழே ஸ்டார்ட்டர் மோட்டார்! என் ஸ்டெயின்லெஸ்ஸில் பிளக் நடுவில் இருந்தது, தண்ணீர் முழுக்க வடியாது, ஆனால் கை போகும். இதில் முழுக்க வடியும், கை போகாது. மேனிஃபோல்டுக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் இரண்டு விரல்தான் நுழையும். கட்டையில் வயிறு அழுந்தக் குப்புறப் படுத்து, கன்னம் கியர்பாக்ஸில் ஒட்ட, கண்ணுக்குத் தெரியாத நட்டில் ரிங் ஸ்பேனரைத் தடவித் தடவி மாட்டினால் ஒரு நூல் திரும்பும், எடுத்துப் புரட்டி மாட்டினால் இன்னொரு நூல். கடைசிச் சுற்றில் பிளக் போட்டின் அடிப்பள்ளமான பில்ஜுக்குள் விழும், கூடவே ஜாக்கெட்டுத் தண்ணீர் அத்தனையும் ஸ்டார்ட்டர் தலையில் கொட்டும். ஸ்டார்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யலாமே என்பார் மெக்கானிக். ஒரு பிளக்கைத் திறக்க ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டும் என்றால் அந்த மேனிஃபோல்டை வரைந்தவரை என் எஞ்சின் ரூமில் ஒரு ராத்திரி படுக்க வைக்க வேண்டும்.

எப்போதாவது திறந்தால் போதும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். நம் ஊரில் அப்படி முடியாது. முகத்துவாரத்தில் மணல் மேடு, மழைக்காலத்தில் கெடிலமும் பரவனாறும் கொண்டுவந்து தள்ளும் செந்தண்ணீர், அதற்குள்தான் போய் வருகிறோம். 2024ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு கடலுக்குப் போக விட்டதும் பிளக்கைத் திறந்தேன். சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் கறுப்புச் சகதி, துருப் பொருக்கு, பொடி சிப்பி எல்லாம் கலந்து வந்தது. சகதி அடைத்த இடத்தில் தண்ணீர் ஓடாது, தண்ணீர் ஓடாத இடம் சூடாகும், சூடான இடத்தில் உப்பு இன்னும் படியும். ஆகவே திறந்து, நல்ல தண்ணீர் பாய்ச்சிக் கழுவியே ஆக வேண்டும். கழுவாமல் விட்டால் காஸ்டிங் சீக்கிரம் போகும், கழுவ நினைத்தால் என் முதுகு போகும்.

அலுமினியமும் ஒருவர் சொன்னார். கடல் தண்ணீர் நேராக ஓடுகிற ஜாக்கெட்டுக்கு வேண்டாம். பக்கத்தில் ஒரு பித்தளை எல்போ இருந்தாலே அலுமினியம்தான் கரையும்.

இனி மாப்பிள்ளைக்கு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் காஸ்டிங்தான் ஜெயிக்கிறது, மறுக்கவில்லை. பேக்கிங் நிற்கிறது, சத்தம் இல்லை, விரிசல் பயம் குறைவு. ஆனால் இதே காஸ்டிங்கை இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்குவேனா என்றால், மாட்டேன். இது இத்துப்போகும் நாளில் அசல் 316 தகட்டில், பிளக்கை நான் சொல்கிற இடத்தில் வைத்து அடிக்கச் சொல்லப்போகிறேன், பேக்கிங்கை வருஷா வருஷம் மாற்றிவிட்டுப் போகிறேன். மெக்கானிக் சிரிக்கிறார், சிரிக்கட்டும், படுத்து எழுகிறவன் நான்.

நீங்கள் அவசரப்பட வேண்டாம். உங்கள் எஞ்சினில் ஸ்டார்ட்டர் எதிர்ப் பக்கம் இருந்தால் இந்தப் புலம்பல் உங்களுக்குப் பொருந்தாது, கண்ணை மூடிக்கொண்டு காஸ்டிங் வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஹெட்டில் உட்காரும் முகத்தில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற நேர்ப்பட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்ற இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு நுழைகிறதா பாருங்கள். ஜாக்கெட் ஓட்டைகளை எல்லாம் அடைத்து, பதினைந்து இருபது பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, தொட்டித் தண்ணீரில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள், குமிழி வரக் கூடாது. புதுசுக்கு எதற்கு என்பார்கள், விடாதீர்கள். முதலில் எஞ்சினை ஸ்டார்ட்டரோடு சேர்த்து இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சாயங்காலம் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.